யாருமில்லாதவருக்கும் ஒரு பை ரத்தம்

‘ரத்தத்துக்குச் சாதி கிடையாது’ என்று நாம் மேடைதோறும் சொல்கிறோம். ரத்ததான முகாம்களின் பதாகைகளிலும் அதுதான் இருக்கிறது. உண்மைதான். 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் மனித ரத்தத்தின் வகைகளைக் கண்டறிந்து சொன்ன நாளிலிருந்து அறிவியலும் அதையே சொல்கிறது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணனுக்கும் தம்பிக்கும் ரத்தம் பொருந்தாமல் போகலாம். ஊர்த்தெருவில் இருப்பவரின் உயிரைச் சேரியில் இருப்பவரின் ரத்தம் காப்பாற்றலாம்.

ஆனால் ரத்தம் ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்குப் போய்ச் சேரும் பாதை இருக்கிறதே, அதில் சாதி இருக்கிறது. யாரைக் கேட்டால் ரத்தம் கிடைக்கும், யார் சொன்னால் ரத்த வங்கியில் எடுபடும், ஏற்றப்படும் ரத்தம் பாதுகாப்பானதா என்று யார் சரிபார்த்தார்கள், தவறு நடந்தால் பழி யார் தலையில் விழும் என ஒவ்வொரு கேள்வியிலும் சாதியும் வர்க்கமும் வந்து நிற்கின்றன.

அதனால்தான் பலருக்கும் அலுப்பூட்டக்கூடிய ஒரு விஷயத்தை இந்தப் பத்தியில் எடுத்துக்கொள்கிறேன்: அரசு மருத்துவமனை ரத்த வங்கிகளின் தகவல் பதிவு முறையை மேம்படுத்துவது. பழுப்பேறிய பதிவேடுகள், கணினித் திரை, பார்கோடு, மென்பொருள் என்று பேச்சு வந்தாலே அது அதிகாரிகளின் வேலை, டெண்டர் எடுப்பவர்களின் வேலை என்று நாம் விலகிக்கொள்கிறோம். விலகக் கூடாது. தனியார் மருத்துவமனைக்குப் போக வழியில்லாத ஒருவரின் உயிர் அந்தப் பதிவேட்டின் ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சாத்தூரில் தவறியது எது?

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். ரத்தசோகைக்காக அரசு மருத்துவமனைக்கு வந்த ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். அந்த ரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியிலிருந்து வந்தது. அதில் ஹெச்.ஐ.வி. இருந்தது.

அந்த ரத்தத்தைக் கொடுத்தவர் ஓர் இளைஞர். உறவினர் ஒருவருக்காகக் கொடுத்தார். தனக்குத் தொற்று இருப்பது அப்போது அவருக்குத் தெரியாது. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2016இல், அவர் ரத்தம் கொடுத்தபோதே தொற்று கண்டறியப்பட்டிருக்கிறது. அந்தச் செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லை. 2018இல் மறுபடி ரத்தம் கொடுக்க வந்தபோது, ‘இவரிடம் எடுக்கக் கூடாது’ என்று ரத்த வங்கியில் எதுவும் தடுக்கவில்லை. பிறகு நடந்த பரிசோதனையிலும் கோட்டைவிட்டார்கள். ‘பாதுகாப்பானது’ என்ற சீட்டோடு பை வெளியே போனது. வெளிநாட்டு வேலைக்காக எடுத்த மருத்துவப் பரிசோதனையில் அந்த இளைஞருக்கு உண்மை தெரியவந்தது. அவரே தேடிவந்து, ‘என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள்’ என்று சொன்னார். அதற்குள் ஏற்றிவிட்டிருந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஓர் அரசுத் துறை செய்ய வேண்டிய வேலையை, செய்தி தெரிந்ததும் ஓடிவந்து ஓர் இளைஞர் செய்தார். அந்தத் துறையிடம் இரண்டு ஆண்டுகளாக அதே செய்தி இருந்தது.

அப்போது ஊடகங்களில் ‘ஊழியர்களின் அலட்சியம்’ என்றுதான் பேசினார்கள். ஆய்வக நுட்பநர்கள்மீது நடவடிக்கை பாய்ந்தது. பின்னர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்து 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பரிசோதனையில் நடந்த பிழைக்கு ஊழியர் பொறுப்புதான், மறுக்கவில்லை. ஆனால் 2016க்கும் 2018க்கும் இடையில் அறுந்துபோன கண்ணிக்கு எந்தத் தனி ஊழியரும் பொறுப்பாக முடியாது. 2016இன் முடிவு 2018இன் மேசைக்கு வந்து சேர்ந்திருந்தால், ஊசி குத்துவதற்கு முன்பே அந்த இளைஞரைத் தனியே அழைத்து உட்காரவைத்துப் பேசியிருப்பார்கள். ஆலோசனையும் கூட்டு மருந்துச் சிகிச்சையும் இரண்டு ஆண்டுகள் முன்னதாகக் கிடைத்திருக்கும். அந்தப் பெண்ணுக்குத் தொற்று வந்திருக்காது. இரண்டு உயிர்களையும் ஒரே வரி காப்பாற்றியிருக்கும்.

ஒன்றிய அரசின் ‘இ-ரக்த்கோஷ்’ இணையத்தளம் 2016இலேயே வந்துவிட்டது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. எந்த ரத்த வங்கியில் எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம் என்பதுதான் அதன் பெருமை. சாத்தூர் நடந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. மென்பொருள் ஒன்று இருக்கிறது என்பதாலேயே யாரும் பாதுகாப்பாகிவிடுவதில்லை. அது எதைத் தடுக்கிறது, யாருக்காக வேலை செய்கிறது என்பதுதான் நம் கேள்வியாக இருக்க வேண்டும்.

பையின் மேல் ஒட்டும் சீட்டு

ஒரு பை ரத்தத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம். கொடையாளரின் விவரம் பதிவாகிறது. பைக்கு ஓர் எண் விழுகிறது. ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மேகப்புண் எனும் சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதனை செய்வது சட்டப்படி கட்டாயம். எடுத்த ரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரிக்கிறார்கள். சிவப்பணு 35 முதல் 42 நாட்கள் வரை தாங்கும். தட்டணு ஐந்தே நாட்கள். பிளாஸ்மாவை உறையவைத்தால் ஓராண்டு இருக்கும். ஒருவர் கொடுத்த ரத்தம் இப்படி மூன்று பைகளாகி மூன்று ஊர்களுக்குப் போகலாம்.

வட்டார மருத்துவமனைகள் பலவற்றில் இருப்பது முழு ரத்த வங்கி அல்ல, ரத்தச் சேமிப்பு மையம். அங்கே தொற்றுப் பரிசோதனை நடப்பதில்லை. பெரிய வங்கியிலிருந்து வரும் பையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை நம்பித்தான் ஏற்றுகிறார்கள். சாத்தூரிலும் அந்தச் சீட்டை நம்பினார்கள். ஆகவே அந்தச் சீட்டை யார், எதன் அடிப்படையில் அச்சிடுகிறார்கள் என்பது உயிர்ப் பிரச்சினை.

பரிசோதனைக் கருவி காட்டும் முடிவைப் பார்த்து, ஒருவர் தாளில் எழுதி, இன்னொருவர் அதைப் பதிவேட்டில் ஏற்றி, மூன்றாமவர் சீட்டு எழுதும் முறையில் ஒவ்வொரு கைமாற்றமும் ஓர் ஓட்டை. நல்ல அமைப்பில் கருவியிலிருந்து முடிவு நேரே கணினிக்குப் போகும். ஐந்து முடிவுகளும் வந்து சேராத பைக்குச் சீட்டே அச்சாகாது. கொடையாளர் முன்பு விலக்கப்பட்டவர் என்றால் பதிவு அங்கேயே நின்றுவிடும். பைக்கு உலகம் முழுக்க ஒரே மாதிரி எண் கொடுக்கும் ஐஎஸ்பிடி 128 என்ற பார்கோடு முறை 1990களிலிருந்தே இருக்கிறது. ஒருவருக்குத் தொற்று இருப்பது பிறகு தெரியவந்தால், அவர் முன்பு கொடுத்த ரத்தம் யார் யாருக்குப் போனது என்று அதை வைத்துச் சில நிமிடங்களில் பின்னோக்கித் தேடிவிடலாம். தாள் பதிவேட்டில் அதற்கு நாட்கணக்காகும். ரத்த வங்கிகள் பதிவேடுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வைத்திருப்பதும் தேடி எடுக்க முடிவதும் ஒன்றல்ல.

சீட்டில் என்ன எழுதுகிறோம் என்பதற்கு ஓர் அரசியல் வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்காக ரத்தம் சேகரித்த அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம், தொடக்கத்தில் கறுப்பின மக்களிடம் ரத்தம் வாங்கவே மறுத்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் 1942இல் வாங்கத் தொடங்கியது. ஆனால் அதன்மேல் இனத்தைக் குறித்துத் தனியாக வைத்தது. பிளாஸ்மாவைப் பெருமளவில் சேமிக்கும் முறையை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவரான சார்லஸ் ட்ரூ ஒரு கறுப்பின மருத்துவர். அவர் தந்த அறிவைக்கொண்டு ரத்தம் சேமித்தவர்கள் அவர் மக்களின் ரத்தத்தைத் தனியாக ஒதுக்கினார்கள். செஞ்சிலுவைச் சங்கம் இந்த முறையை 1950இல்தான் கைவிட்டது. ரத்தத்தின் மேல் இனத்தைக் குறிக்கச் சொன்ன சட்டம் லூசியானா மாநிலத்தில் 1972 வரை இருந்தது.

ரத்தத் தூய்மையைக் காப்பதற்கான ஏற்பாடுதான் சாதி என்ற வாதத்தை அம்பேத்கர் 1936இலேயே ‘சாதி ஒழிப்பு’ நூலில் உடைத்துப்போட்டார். ஆனாலும் அந்தக் கற்பனை இந்த நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால் ரத்த வங்கியின் புதிய மென்பொருளில் எந்தக் கட்டத்தை வைக்கிறார்கள் என்பதை நாம் எட்டிப் பார்த்தே ஆக வேண்டும். கொடையாளர் படிவத்தில் சாதிக்கோ மதத்துக்கோ மருத்துவரீதியாக ஒரு வேலையும் இல்லை. அப்படியொரு கட்டம் இருந்தால் நீக்கச் சொல்ல வேண்டும்.

வேறொரு விலக்கு ஏற்கெனவே விதியில் இருக்கிறது. 2017இல் வந்த கொடையாளர் தேர்வு வழிகாட்டுதல் திருநர்களையும், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களையும், பெண் பாலியல் தொழிலாளர்களையும் ரத்தம் கொடுப்பதிலிருந்து நிரந்தரமாக விலக்குகிறது. இதை எதிர்த்து மணிப்பூரைச் சேர்ந்த திருநர் செயல்பாட்டாளர் சாந்தா குராய் 2021இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அதே 2021இல் பிரிட்டனும், 2023இல் அமெரிக்காவும், யார் என்பதைப் பார்க்காமல் அண்மையில் என்ன நடந்தது என்று ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் முறைக்கு மாறின. பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு சமூகத்தையே தொற்றாகப் பார்க்காதே என்கிறோம். தீண்டாமையின் இலக்கணம் தெரிந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளக் கஷ்டம் இருக்காது. தாளில் இருக்கும் விலக்கை அப்படியே மென்பொருளுக்குள் பூட்டிவிட்டால், நாளை விதி மாறினாலும் திரை மாறாது.

‘ரெண்டு ஆள் கூட்டிட்டு வாங்க’

அரசு மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்தவர்களுக்கு இந்த வாக்கியம் தெரியும். அறுவைச் சிகிச்சைக்கு ரத்தம் வேண்டும், நீங்கள் இரண்டு பேரைக் கொடுக்கவைத்தால் இங்கிருந்து இரண்டு பை தருகிறோம். மாற்றுக் கொடை என்று இதற்குப் பெயர். இது படிப்படியாக ஒழிய வேண்டும், தன்னார்வக் கொடையே அடிப்படையாக வேண்டும் என்று 2002இன் தேசிய ரத்தக் கொள்கை சொல்கிறது. இன்றும் அந்த வாக்கியம் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

இதன் சுமை யார்மேல் விழுகிறது என்று பாருங்கள். ரத்தம் கொடுக்க 45 கிலோ எடை வேண்டும், ஹீமோகுளோபின் 12.5 கிராம் வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் தலித், ஆதிவாசிப் பெண்களிடையே இது இன்னும் கூடுதல். கூலி வேலை செய்து, ரேஷன் அரிசிச் சோற்றில் பொழுதை ஓட்டும் ஒரு வீட்டில் நான்கு பேர் ரத்தம் கொடுக்க வந்தால் மூன்று பேரை ‘ரத்தம் கம்மி’ என்று திருப்பி அனுப்புவார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குச் சத்தான சோறு கிடைக்காமல் செய்த சமூகம், கடைசியில் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி ‘ரத்தம் கொண்டு வா’ என்கிறது.

வீட்டில் முடியாவிட்டால் வெளியே தேட வேண்டும். அங்கேதான் சாதி நேரடியாக வேலை செய்கிறது. என் கைப்பேசியில் ரத்ததான வாட்ஸப் குழுக்கள் நான்கைந்து இருக்கின்றன. நல்ல பிள்ளைகள், நடுராத்திரியிலும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள். ஆனால் அந்தக் குழுக்களுக்கு வரும் அழைப்புகளைக் கவனித்தால் ஒன்று புரியும். கல்லூரி நண்பர், அலுவலகத் தோழர், கட்சிக்காரர், சங்கத்துக்காரர் என்று யாரோ ஒருவரைத் தெரிந்தவருக்காகத்தான் செய்தி வருகிறது. யாரையும் தெரியாதவரின் தேவை அந்தத் திரைக்கே வருவதில்லை. சாதிச் சங்கங்கள் தலைவர் பிறந்தநாளுக்கு முகாம் நடத்தி, உறுப்பினர்களின் ரத்த வகையைப் பட்டியலாக வைத்திருக்கின்றன. தேவை வந்தால் சங்கத்துக்காரருக்கு ஒரு போன் போதும். நகரத்து மருத்துவமனைக்கு முதல்முறை வந்து நிற்கும் ஒரு காலனிக் குடும்பத்துக்கு அப்படிப் போன் போட யார் இருக்கிறார்கள்?

யாரும் இல்லாதபோது தரகர் வருவார். ரத்தத்தை விற்பதைத் தடைசெய்ய வழிசெய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996இல் வந்தது. 1998 முதல் தொழில்முறை ரத்த விற்பனைக்கு நாட்டில் இடமில்லை. ஆனால் ‘ஆள் கொண்டு வா’ என்ற நிபந்தனை இருக்கும்வரை, காசுக்கு ஆள் பிடித்துத் தருகிறவனுக்குத் தொழில் இருக்கும். கேட்டால் ‘சித்தப்பா மகன்’ என்பார்கள். காசுக்காகக் கொடுக்கிறவர் தன் உடல்நிலையை மறைக்கவும் காரணம் இருக்கிறது. அந்த ரத்தம் போய்ச் சேர்வதும் இன்னொரு ஏழைக்குத்தான்.

மென்பொருளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரடித் தொடர்பு இருக்கிறது. ரத்த வங்கியில் எடுத்த பைக்குக் கணக்கு இருக்கிறது, கொடுத்த பைக்குக் கணக்கு இருக்கிறது, காலாவதியான பைக்கும் கணக்கு இருக்கிறது. கேட்டும் கிடைக்காமல் போனவரின் கணக்கு எங்கே? ஆள் கொண்டுவர முடியாததால் அறுவைச் சிகிச்சை தள்ளிப்போனவர், ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்று அனுப்பப்பட்ட பிரசவ வலிக்காரி, இவர்களெல்லாம் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள்? பதிவில் இல்லாத பற்றாக்குறை அரசின் கண்ணில் படாது. ஒவ்வொரு கோரிக்கையும் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு ரத்தம் கிடைத்தது, கொடையாளர் கேட்கப்பட்டாரா, கிடைக்கவில்லை என்றால் ஏன் என்று பதிவாக வேண்டும். அந்தக் கணக்கை மாதாமாதம் வெளியிட வேண்டும். அப்போதுதான் எந்த மாவட்டத்தில் முகாம் கூடுதலாக வேண்டும், பக்கத்து வங்கியில் காலாவதியாகப் போகும் பையை எங்கே திருப்பிவிடலாம் என்று திட்டமிட முடியும். ஆள் தேடும் வேலை நோயாளியின் குடும்பத்திடமிருந்து அரசின் கைக்கு மாறும்.

கூடலூரும் சாய்பாசாவும்

நீலகிரியில் பணியர், இருளர், குறும்பர் போன்ற ஆதிவாசி மக்களிடையே அரிவாள் செல் ரத்தசோகை இருக்கிறது. இந்த நோயாளிகள் சிலருக்குத் திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்ற வேண்டிவரும். அப்படி ஏற்றும்போது, வந்த ரத்தத்தின் நுண்ணிய கூறுகளுக்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருளை உருவாக்கலாம். சில மாதங்களில் அந்த எதிர்ப்பொருள் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். அடுத்த முறை வேறு மருத்துவமனையில் பொருத்தம் பார்த்தால் ‘சரி’ என்றே வரும். ஏற்றிய சில நாட்களில் உடம்பு பழைய எதிரியை நினைவுபடுத்திக்கொண்டு, ஏற்றிய சிவப்பணுக்களை உடைக்கத் தொடங்கும். உயிருக்கே ஆபத்தாகலாம்.

இங்கே அந்த நோயாளியைக் காப்பாற்றக்கூடியது பழைய பதிவு ஒன்றுதான். கூடலூரில் கண்டறிந்தது கோயம்புத்தூரில் ரத்தம் ஏற்றுகிறவர் திரையில் தெரிய வேண்டும். ‘கோப்பைப் பத்திரமா வச்சிருங்க’ என்று நோயாளியிடமே பொறுப்பைத் தள்ளுவது, மழையில் ஒழுகும் குடிசையில் இருப்பவர்களுக்குச் சொல்லக்கூடிய பதிலா?

2025 அக்டோபரில் ஜார்க்கண்டின் சாய்பாசாவிலிருந்து வந்த செய்தி இன்னும் ஆறவில்லை. அரசு மருத்துவமனையில் தொடர்ந்து ரத்தம் ஏற்றிக்கொண்டுவந்த தலசீமியா குழந்தைகளுக்கு ஹெச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. ஆதிவாசிகள் பெரும்பான்மையாக வாழும் மேற்குச் சிங்பூம் மாவட்டம் அது. அரசு மருத்துவமனையைத் தவிர வேறு போக்கிடம் இல்லாத மக்கள் இருக்கும் இடங்களில்தான் இந்தப் பிழைகள் இவ்வளவு எளிதாக நடக்கின்றன. சாத்தூருக்கும் சாய்பாசாவுக்கும் இடையே ஏழு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன.

இரண்டு எதிர்வாதங்கள்

தோழர்கள் சிலர் கேட்பார்கள்: ஆளே இல்லாத இடத்தில் கணினி வைத்து என்ன பயன்? நியாயமான கேள்வி. ரத்த வங்கிகளின் ஆய்வக நுட்பநர்களிலும் ஆலோசகர்களிலும் பலர் ஒப்பந்த ஊழியர்கள். பல ஆண்டுகள் வேலை பார்த்தும் நிரந்தரம் ஆகாதவர்கள். இரவுப் பணியில் ஒற்றை ஆளாக நின்று, ரத்தம் எடுத்து, பொருத்தம் பார்த்து, பை கொடுத்து, அதற்கிடையில் பதிவேடும் எழுதுகிறவர்கள். அவர்கள் தலையில் பதிவேட்டோடு கணினியையும் சேர்த்து வைத்தால், இரண்டிலும் பிழைதான் கூடும். விடியற்காலையில் மொத்தமாகத் தட்டச்சு செய்த இருப்பு விவரம் நடுராத்திரியில் ரத்தம் தேடுகிறவருக்கு உதவாது. திரையில் ‘ஆறு பை’ என்று பார்த்து நம்பிப் போய், அங்கே குளிர்பெட்டி காலி என்று கேட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். ஆகவே பதிவுமுறையை மேம்படுத்துவது என்றால் பணியிடங்களை நிரப்புவதும் அதற்குள் அடக்கம். நிரந்தரப் பணி, இரவில் குறைந்தது இரண்டு பேர், மின்சாரம் போனாலும் இணையம் அறுந்தாலும் நிற்காத அமைப்பு, தமிழில் திரை. இவை இல்லாமல் வாங்கும் மென்பொருள் யாரோ ஒரு நிறுவனத்துக்கு வருமானம் மட்டுமே. தவறு நடந்தால் ஒப்பந்த ஊழியரை வெளியேற்றிவிட்டுக் கோப்பை மூடுவதற்கும் அது இன்னும் வசதியாகப் போய்விடும்.

இரண்டாவது கேள்வி இன்னும் கனமானது: தகவல் எல்லாம் ஓரிடத்தில் குவிந்தால் ஆபத்தில்லையா? ஆபத்துதான். ஒருவரின் ஹெச்.ஐ.வி. நிலை கசிந்தால் அவர் குடியிருக்கும் தெரு என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். சேரிக்காரர் என்றால் அது அவர் சமூகத்தின் மேலேயே பூசப்படும். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஹெச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியே சொல்வதைத் தடுக்கிறது. அமைப்பும் அந்தச் சட்டப்படி இருக்க வேண்டும். ரத்தம் எடுப்பவரின் திரையில் ‘இப்போது எடுக்க வேண்டாம், ஆலோசகரிடம் அனுப்புக’ என்பது மட்டும் தெரிந்தால் போதும். காரணம் ஆலோசகருக்கும் மருத்துவருக்கும் மட்டும் தெரிய வேண்டும். யார் எப்போது யாருடைய பதிவைத் திறந்து பார்த்தார்கள் என்பதும் பதிவாக வேண்டும். ஆதார் காட்டினால்தான் ரத்தம் என்ற நிலை வரவே கூடாது. தகவலை ரகசியமாக வைப்பது என்பது சம்பந்தப்பட்டவரிடமே சொல்லாமல் விடுவது அல்ல. சாத்தூர் இளைஞரிடம் நடந்தது ரகசியம் காத்தல் இல்லை, கைவிடல்.

கேட்க வேண்டியவை

ஆகவே அரசு மருத்துவமனை ரத்த வங்கிகளில் எந்த மேம்பாடு அறிவிக்கப்பட்டாலும், நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை:

1. ஐந்து பரிசோதனை முடிவுகளும் கருவியிலிருந்து நேரே பதிவாகாமல் எந்தப் பைக்கும் சீட்டு அச்சாகக் கூடாது.

2. விலக்கப்பட்ட கொடையாளர் பதிவு எல்லா அரசு, தனியார் ரத்த வங்கிகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். தொற்று கண்டறியப்பட்டவருக்கு நேரில் தகவல் சொல்லி, சிகிச்சையில் சேர்த்தாயிற்று என்று பதிவாகும்வரை அந்தக் கோப்பை மூடக் கூடாது.

3. கேட்டும் கிடைக்காத ரத்தத்தின் கணக்கும், மாற்றுக் கொடையாளர் கேட்கப்பட்ட கணக்கும், பெயர்கள் இல்லாமல், மருத்துவமனைவாரியாக மாதந்தோறும் வெளியாக வேண்டும்.

4. திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்ற வேண்டிய அரிவாள் செல், தலசீமியா நோயாளிகளின் எதிர்ப்பொருள் விவரம் அவர்கள் எங்கே போனாலும் கிடைக்க வேண்டும்.

5. படிவத்தில் சாதி, மதக் கட்டம் இருக்கக் கூடாது. பாலின அடையாளத்தை வைத்து விலக்குவது ஒழிய வேண்டும்.

6. ரத்த வங்கி ஒப்பந்த ஊழியர்களைப் பணி நிரந்தரம் செய்ய வேண்டும்.

இந்தப் பத்தியைப் படிக்கும் இளைஞர்களில் பலர் முகாம்களில் ரத்தம் கொடுப்பவர்கள். ஏப்ரல் 14க்கும் செப்டம்பர் 17க்கும் நம் அமைப்புகள் முகாம் நடத்துகின்றன. தொடர்ந்து நடத்துவோம். அதோடு ஒரு வேலையைச் சேர்த்துக்கொள்வோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனைக்கு ஒரு மனுப் போடுங்கள். கடந்த ஆண்டு சேகரித்த ரத்தத்தில் தன்னார்வக் கொடை எவ்வளவு, மாற்றுக் கொடை எவ்வளவு? எத்தனை பைகள் காலாவதியாகின? தொற்று கண்டறியப்பட்ட கொடையாளர்களில் எத்தனை பேருக்குத் தகவல் சொல்லப்பட்டது? அனுமதிக்கப்பட்ட நுட்பநர் பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை? பதில் வந்தால் நம்மிடம் எண்கள் இருக்கும். ‘அந்தத் தகவல் எங்களிடம் இல்லை’ என்று வந்தால், அந்தக் கடிதத்தையே கையில் வைத்துக்கொண்டு நம் போராட்டத்தைத் தொடங்கலாம்.

ரத்தம் கொடுப்பதைக் கருணை என்றும், வாங்குவதை அதிர்ஷ்டம் என்றும் நாம் பழகிவிட்டோம். ஊரில் செல்வாக்கு இல்லாத, போன் போட ஆளில்லாத ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு அரசு மருத்துவமனைக்கு வந்தாலும், யார் தயவும் இல்லாமல், பரிசோதித்த ஒரு பை ரத்தம் அவருக்குக் கிடைக்க வேண்டும். அது அவருடைய உரிமை. அந்த உரிமை ஒவ்வொரு நாளும் ரத்த வங்கியின் பதிவேட்டில் எழுதப்படுகிறது, அல்லது எழுதப்படாமல் விடப்படுகிறது.